பழைய டிஜிட்டல் கேமராவை லினக்ஸ் கணினியுடன் யூஎஸ்பி வழியாக இணைத்தல்: ஒரு செய்முறைப் பதிவு

கேமராவை யூஎஸ்பி கேபிள் வழியாக லினக்ஸ் கணினியில் செருகியதும் பென்டிரைவைப் போல ஒரு வட்டு தோன்றும் என்று எதிர்பார்ப்பவர்கள், அப்படி எதுவும் தோன்றாதபோது ‘இந்தக் கேமரா லினக்ஸில் வேலை செய்யாது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அந்த முடிவு சரியல்ல. கேமரா கணினியுடன் பேசிக்கொண்டுதான் இருக்கும்; வட்டுக்குரிய முறையில் பேசவில்லை, அவ்வளவுதான். எந்த முறையில் பேசுகிறது, அந்தப் பேச்சைக் கணினியில் எந்த நிரல் கேட்டுக்கொண்டிருக்கிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால், மீதமுள்ள வேலை சிறியது. வீட்டில் இருந்த கேனன் பவர்ஷாட் ஏ வரிசைக் கேமரா ஒன்றிலிருந்து பல ஆண்டுப் படங்களை டெபியன் 12 என்ற லினக்ஸ் வகை ஓடும் கணினிக்கு மாற்றியபோது செய்தவற்றை, அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

மெமரி கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் செருகினால் போதாதா என்று கேட்கலாம். வேகம் மட்டுமே நோக்கமென்றால் அதுதான் சிறந்த வழி, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இந்தக் கேமராவில் இரண்டு ஏஏ பேட்டரிகளுக்கும் மெமரி கார்டுக்கும் அடிப்பக்கத்தில் ஒரே மூடிதான் இருக்கிறது. மூடியை இழுத்துப் பூட்டும் பிளாஸ்டிக் கொக்கியின் முனை பல ஆண்டுப் பயன்பாட்டில் தேய்ந்திருந்தது. அது உடைந்துவிட்டால், பேட்டரிகளை அழுத்திப் பிடிக்க வழியில்லாமல் கேமராவையே பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு முறை படங்களை நகலெடுக்கவும் அந்த மூடியைத் திறப்பதைவிட, பக்கவாட்டில் ரப்பர் மூடிக்குள் இருக்கும் மினி யூஎஸ்பி துளையைப் பயன்படுத்துவதே கேமராவுக்கு நல்லது.

டிஜிட்டல் கேமராக்கள் யூஎஸ்பி வழியாகப் பொதுவாக இரண்டு முறைகளில் பேசுகின்றன. முதலாவது மாஸ் ஸ்டோரேஜ் முறை. இதில் கேமரா தன் மெமரி கார்டை அப்படியே ஒரு வட்டாகக் கணினியிடம் கொடுத்துவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள யூஎஸ்பி ஸ்டோரேஜ் டிரைவர் அதை எடுத்துக்கொள்ளும். நாம் பென்டிரைவைக் கையாள்வதைப் போலவே கையாளலாம். இரண்டாவது, பிடிபி எனப்படும் படப் பரிமாற்ற நெறிமுறை. 2000-ஆம் ஆண்டில் முதலில் வெளியாகிப் பின்னர் ஐஎஸ்ஓ 15740 என்ற பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது இது. இந்த முறையில் கார்டு கணினியின் கைக்கு வருவதில்லை. கேமராவே கார்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, கேட்கும் படத்தை மட்டும் எடுத்து அனுப்புகிறது. மளிகைக் கடையில் வெளியே நின்று சாமான்களைக் கேட்டு வாங்குவதைப் போன்ற ஏற்பாடு இது. உள்ளே போய் மூட்டைகளை நாமே புரட்ட முடியாது.

இந்த வேறுபாட்டிலிருந்து நடைமுறை விளைவுகள் பல வருகின்றன. பிடிபி முறையில் கார்டின் கோப்பு முறைமையை, அதாவது கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் அமைப்பை, கணினி தொடுவதே இல்லை என்பதால், கணினியால் அது சிதைந்துபோகும் ஆபத்து குறைவு. அந்தக் கோப்பு முறைமை எக்ஸ்ஃபாட் வகையா, ஃபாட்32 வகையா என்பதும் கணினிக்குத் தேவையற்ற செய்தியாகிவிடுகிறது. மறுபுறம், கோப்புகளை இருந்த இடத்திலேயே திறந்து திருத்த முடியாது, முழுதாக நகலெடுத்த பிறகே வேலை செய்ய முடியும். மேலும், ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டுமே கேமராவுடன் பேச முடியும். இந்தக் கடைசி விளைவுதான் லினக்ஸில் மிக அதிகமான குழப்பத்துக்குக் காரணம். அதைப் பின்னர் விரிவாகப் பார்ப்போம்.

நிக்கான், சோனி, ஒலிம்பஸ் கேமராக்கள் பலவற்றில் இந்த இரண்டில் எந்த முறை என்பதை மெனுவில் தேர்ந்தெடுக்கலாம், அல்லது செருகியவுடன் திரையிலேயே கேட்கும். கேனன் பவர்ஷாட் கேமராக்களில் பொதுவாக அந்தத் தேர்வு கிடையாது, பிடிபி மட்டுமே. எனவே இந்தக் கேமராவைச் செருகினால் வட்டு தோன்றாமல் இருப்பதே இயல்பு.

எந்த மென்பொருளையும் நிறுவுவதற்கு முன் கெர்னல் பதிவைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு டெர்மினலில் ‘சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ’ என்ற கட்டளையை ஓடவிட்டுவிட்டு, அதன் பிறகே கேபிளைச் செருக வேண்டும். (டெபியனில் சாதாரணப் பயனர் கெர்னல் பதிவைப் படிக்க முடியாது என்பதால் நிர்வாகி உரிமை தரும் சூடோ தேவைப்படுகிறது.) அடுத்த ஓரிரு நொடிகளில் அந்தத் திரையில் என்ன நடக்கிறது என்பதை வைத்தே கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

முதலில் செருகியபோது ஒரு வரிகூட வரவில்லை. ஒரு வரியும் வராவிட்டால் மென்பொருளைச் சந்தேகிக்கத் தேவையில்லை; தரவுக்கான மின்னிணைப்பே ஏற்படவில்லை என்பதுதான் பொருள். யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தரவுக்கு. சார்ஜ் செய்வதற்கென்றே விற்கப்படும் கேபிள்கள் சிலவற்றில் பச்சையும் வெள்ளையும் இருப்பதே இல்லை. கேமராவுடன் வந்த கேபிள் தொலைந்துவிட்டதால் கடையில் வாங்கியிருந்த கேபிள் அந்த வகை. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதிக்கும் நிலையில் வைத்து, ஏ வகை முனையின் நான்கு பட்டைகளில் நடுவில் உள்ள இரண்டையும் மறுமுனையின் ஊசிகளோடு சேர்த்துப் பார்த்தபோது ஒலி எழவே இல்லை. மல்டிமீட்டர் இல்லாதவர்கள், தரவு கடத்தும் என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு கேபிளை மாற்றிப் பார்த்தாலே போதும். பழைய வெளிப்புற ஹார்டு டிஸ்க்குகள் பலவற்றுடன் வந்த மினி யூஎஸ்பி கேபிள் இதற்குச் சரியாகப் பொருந்தும். எல்லாக் கேமராக்களுக்கும் மினி யூஎஸ்பி பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; நிக்கான் கூல்பிக்ஸ் கேமராக்கள் பலவற்றில் எட்டு ஊசிகள் கொண்ட தனி வடிவத் துளை உண்டு, மினி யூஎஸ்பி முனையை அதில் வற்புறுத்திச் செருகினால் துளைதான் கெடும்.

கேபிளை மாற்றிய பிறகும் கேமராவை எந்த நிலையில் வைக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டியிருந்தது. பவர்ஷாட் கேமராக்களைப் படம் எடுக்கும் நிலையில் இயக்காமல், படம் பார்க்கும் பொத்தானை அழுத்தி இயக்க வேண்டும். அப்படி இயக்கியதும் கெர்னல் பதிவில் ‘நியூ ஹை-ஸ்பீடு யூஎஸ்பி டிவைஸ்’ என்று தொடங்கும் வரியும், அதைத் தொடர்ந்து தயாரிப்பாளர் எண் 04ஏ9 என்ற வரியும், ‘கேனன் டிஜிட்டல் கேமரா’ என்ற பெயரும் வந்தன. 04ஏ9 என்பது கேனன் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட யூஎஸ்பி எண். ‘ஹை-ஸ்பீடு’ என்றால் நொடிக்கு 480 மெகாபிட் என்ற யூஎஸ்பி 2.0 இணைப்பு கிடைத்திருக்கிறது என்று பொருள். மிகப் பழைய கேமராக்களில் ‘ஃபுல்-ஸ்பீடு’, அதாவது 12 மெகாபிட், என்று வரும், அதுவும் பிழையல்ல.

சாதனத்தின் பெயர் வராமல், அதற்குப் பதிலாக ‘டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்’ என்ற சொற்களுடன் -71 அல்லது -110 என்ற பிழை எண் திரும்பத் திரும்ப வந்தால் நிலைமை வேறு. கம்பிகள் இருக்கின்றன, ஆனால் சமிக்ஞை ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. -71 என்பது நெறிமுறைப் பிழையையும், -110 என்பது பதில் வராமல் நேரம் கடந்துவிட்டதையும் குறிக்கும். யூஎஸ்பி ஹப் இருந்தால் அதை நீக்கி, டெஸ்க்டாப் கணினியாக இருந்தால் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகி, நீளம் குறைந்த கேபிளைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தாலும் இதே பிழைகள் வரலாம். இந்தக் கேமரா யூஎஸ்பி வழியாக மின்சாரம் எடுத்துக்கொள்வதில்லை; படங்கள் போய்க்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் ஏஏ பேட்டரிகளின் மின்சாரத்திலேயே இயங்குகிறது. எனவே முழுதாக சார்ஜ் ஏற்றிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளைப் போட்ட பிறகே பெரிய நகலெடுப்பைத் தொடங்கினேன்.

கெர்னல் பதிவு சுத்தமாக வந்ததும், யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்யூஎஸ்பி -டி’ என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். கேமராவுக்குரிய வரியில் வகை ‘இமேஜிங்’ என்றும், டிரைவர் என்ற இடம் காலியாகவும் இருந்தது. டிரைவர் இல்லை என்று இங்கே பலர் அஞ்சிவிடுகிறார்கள், அஞ்ச வேண்டியதில்லை. மாஸ் ஸ்டோரேஜ் சாதனமாக இருந்தால் அந்த இடத்தில் யூஎஸ்பி ஸ்டோரேஜ் டிரைவரின் பெயர் இருக்கும். பிடிபி கேமராவுக்குக் கெர்னலில் டிரைவர் தேவையில்லை. அதனுடன் பேசும் வேலை முழுவதையும் கெர்னலுக்கு வெளியே லிப்ஜிபோட்டோ2 என்ற கட்டற்ற மென்பொருள் நூலகம், யூஎஸ்பி சாதனங்களை அணுக உதவும் லிப்யூஎஸ்பி வழியாகச் செய்கிறது. டிஜிகாம், ஷாட்வெல், டார்க்டேபிள் போன்ற நிரல்களும் க்னோம் கோப்பு மேலாளரும் அடியில் இந்த நூலகத்தையே பயன்படுத்துகின்றன. ஆகவே இந்த நூலகம் கேமராவைக் கண்டுகொண்டால் மேலே எந்த நிரலை வைத்துக்கொள்வது என்பது நம் விருப்பம்.

நூலகத்தை நேரடியாகச் சோதிக்க ‘ஜிபோட்டோ2’ என்ற கட்டளைவரி நிரல் இருக்கிறது. டெபியனில் அதே பெயருள்ள தொகுப்பை ‘ஆப்ட்’ மூலம் நிறுவிக்கொள்ளலாம். முதலில் ‘--ஆட்டோ-டிடெக்ட்’ விருப்பத்துடன் இயக்கியபோது கேமராவின் மாதிரிப் பெயரும் அது செருகப்பட்டுள்ள யூஎஸ்பி முகவரியும் ஒரே வரியில் வந்தன. அடுத்து ‘--சம்மரி’ விருப்பத்தைக் கொடுத்தேன். கேமராவின் விவரங்களுக்குப் பதிலாக, யூஎஸ்பி சாதனத்தைக் கைப்பற்ற முடியவில்லை என்ற செய்தியும் -53 என்ற பிழை எண்ணும் வந்தன.

ஜிபோட்டோ2 பயன்படுத்தும் ஏறத்தாழ எல்லோரும் ஒருமுறையாவது சந்திக்கும் பிழை இது. இதன் காரணத்தைப் புரிந்துகொள்வது, இணையத்தில் கிடைக்கும் தீர்வுகளைக் கண்மூடி இயக்குவதைவிடப் பயனுள்ளது. யூஎஸ்பி சாதனத்தின் ஓர் இடைமுகத்தை ஒரு நிரல் கைப்பற்றியிருக்கும்போது, வேறொரு நிரல் அதைக் கைப்பற்றக் கெர்னல் அனுமதிக்காது. க்னோம், சின்னமன் போன்ற மேசைச் சூழல்களில் ஜிவிஎஃப்எஸ் என்ற சேவை பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது. கேமரா செருகப்பட்டதை அது உடனே கவனித்து, தானும் லிப்ஜிபோட்டோ2 வழியாகவே கேமராவைத் திறந்து, கோப்பு மேலாளரின் பக்கப்பட்டியில் அதன் பெயரைக் காட்டுகிறது. அதாவது, பிழை வந்த அந்த நேரத்தில் கேமரா முழுமையாக வேலை செய்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டிருந்தது வேறொரு நிரலுடன். ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளையுடன் அந்தக் கேமராவுக்குரிய சாதனக் கோப்பின் பாதையைக் கொடுத்தால், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிரலின் பெயர் தெரிந்துவிடும். பாதை ‘/டெவ்/பஸ்/யூஎஸ்பி’ என்று தொடங்கும். அதற்குப் பின்வரும் இரண்டு எண்கள், ‘-டி’ சேர்க்காத எல்எஸ்யூஎஸ்பி வெளியீட்டில் கேமராவின் வரியிலேயே இருக்கின்றன. நான் பார்த்தபோது அங்கே இருந்தது ஜிவிஎஃப்எஸ்ஸின் ஜிபோட்டோ2 பகுதிதான்.

கோப்பு மேலாளரில் கேமராவின் பெயருக்கு அருகிலுள்ள வெளியேற்றும் குறியை அழுத்தினாலே ஜிவிஎஃப்எஸ் பிடியை விட்டுவிடும். டெர்மினலிலேயே செய்ய விரும்பினால் ‘ஜியோ மவுண்ட் -எஸ் ஜிபோட்டோ2’ என்ற கட்டளை போதும். அதைக் கொடுத்த பிறகு ‘--சம்மரி’ தடையின்றி ஓடியது. ஜிவிஎஃப்எஸ்ஸின் ஜிபோட்டோ2 நிரல்களின் இயக்க அனுமதியையே நீக்கிவிடுங்கள் என்ற அறிவுரையும் பரவலாக இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. அடுத்த மென்பொருள் புதுப்பிப்பில் அனுமதி பழையபடி திரும்பிவிடும். அதைவிட, வீட்டில் கணினியைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்குக் கோப்பு மேலாளரில் கேமரா தெரியாமல் போய்விடும், ஏனென்று அவர்களுக்கு விளங்காது. டிஎஸ்எல்ஆர் கேமராவைக் கணினியிலிருந்து தொடர்ந்து இயக்கிப் படமெடுப்பவர்களுக்கு மட்டும், தங்கள் பயனர் கணக்கில் ஜிவிஎஃப்எஸ்ஸின் ஜிபோட்டோ2 கண்காணிப்புச் சேவையை ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர் மாஸ்க்’ மூலம் நிறுத்திவைப்பது பொருத்தமாக இருக்கும்.

இன்னொரு தடை அனுமதி தொடர்பானது. சூடோவுடன் இயக்கினால் கேமரா தெரிகிறது, இல்லாமல் இயக்கினால் தெரியவில்லை என்றால், சாதனக் கோப்பைத் திறக்கும் உரிமை பயனருக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். சாதனம் செருகப்பட்டதும் அதற்கான உரிமைகளைத் தீர்மானிப்பவை யுடெவ் விதிகள்; லிப்ஜிபோட்டோ2-உடன் வரும் யுடெவ் விதிகள், கணினியின் முன்னால் அமர்ந்து உள்நுழைந்திருக்கும் பயனருக்கு அந்த உரிமையைத் தானாகவே வழங்குகின்றன. எஸ்எஸ்எச் வழியாக வேறொரு கணினியிலிருந்து உள்நுழைந்தவருக்கு அது கிடைக்காது. ராஸ்பெர்ரி பை போன்ற திரையில்லாத கணினியில் கேமராவை இணைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். அங்கே ‘பிளக்டெவ்’ குழுவுக்கு உரிமை தரும் யுடெவ் விதி ஒன்றை எழுதி, பயனரை அந்தக் குழுவில் சேர்க்கலாம். எப்போதும் சூடோவுடனேயே நகலெடுப்பது நல்ல வழக்கமல்ல. வந்து சேரும் படங்கள் எல்லாம் நிர்வாகிக்குரிய ரூட் கணக்கின் உடைமையாகிவிடும், பிறகு ஒவ்வொன்றின் உரிமையையும் மாற்ற வேண்டியிருக்கும்.

நகலெடுப்பதற்கு முன் ‘--லிஸ்ட்-ஃபைல்ஸ்’ கொடுத்து முழுப் பட்டியலையும் ஓர் உரைக்கோப்பில் சேமித்துக்கொண்டேன். டிசிஐஎம் கோப்புறைக்குள், 100 முதல் எண்ணிட்ட உட்கோப்புறைகளும் ஒவ்வொன்றிலும் எத்தனை கோப்புகள் என்ற எண்ணிக்கையும் அதில் இருந்தன. பின்னால் சரிபார்க்க இந்தப் பட்டியல்தான் ஆதாரம். இங்கே கோப்புப் பெயர்களைக் கவனிக்க வேண்டும். கேமரா படங்களுக்கு 0001 முதல் 9999 வரை எண்ணிட்டு மீண்டும் 0001-க்குத் திரும்பிவிடுகிறது. கார்டு மாற்றும்போது எண்ணைப் புதிதாகத் தொடங்கும் அமைப்பும் உண்டு. பல ஆண்டுப் படங்களை ஒரே கோப்புறையில் கொட்டினால் ஒரே பெயரில் இரண்டு படங்கள் வந்து நிற்கும். ஜிபோட்டோ2 மேலெழுதவா என்று கேட்கும், கை தவறி ‘ஆம்’ கொடுத்தால் பழைய படம் போய்விடும். அதனால் ‘--ஃபைல்நேம்’ விருப்பத்தில், ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி, அதன்பின் கேமரா கொடுத்த மூலப்பெயர் என்ற வரிசையில் பெயர் அமையும்படி வார்ப்புரு கொடுத்தேன். இப்படி அமைத்தால் பெயர்கள் மோதுவதில்லை, கோப்புறையைத் திறந்தாலே காலவரிசையும் அமைந்துவிடுகிறது. அத்துடன் ‘--ஸ்கிப்-எக்ஸிஸ்டிங்’ சேர்த்துக்கொண்டால், பேட்டரி தீர்ந்து பாதியில் நின்றாலும் அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிறகு ‘--கெட்-ஆல்-ஃபைல்ஸ்’. சில கேமராக்கள் கொஞ்ச நேரம் கட்டளை எதுவும் வராவிட்டால் இணைப்பில் இருக்கும்போதே அணைந்துவிடும் என்பதால், மெனுவில் தானாக அணையும் வசதியை முன்கூட்டியே நிறுத்தி வைத்திருந்தேன்.

கட்டளைவரியில் பழக்கமில்லாதவர்கள் டிஜிகாம் அல்லது ஷாட்வெல்லைத் திறந்து இறக்குமதி செய்யலாம், முடிவு ஒன்றுதான். கோப்பு மேலாளரில் கேமராவைத் திறந்து படங்களை இழுத்துப் போடுவதும் வேலை செய்யும். சில படங்கள் மட்டும் தேவையென்றால் அதுவே எளிது. நிறைய படங்கள் இருக்கும்போது நான் அதைத் தவிர்க்கிறேன்; இடையில் இணைப்பு அறுந்தால் எதுவரை வந்தது என்பதை அதில் தெளிவாக அறிய முடிவதில்லை.

நகலெடுத்து முடித்ததும் கார்டை அழித்துவிடக் கூடாது. கோப்புகளின் எண்ணிக்கையை முன்பு சேமித்த பட்டியலோடு ஒப்பிட்ட பிறகு, ‘ஜேபெக்இன்ஃபோ -சி’ என்ற கட்டளையால் ஒவ்வொரு ஜேபெக் படத்தையும் முழுமையாகப் படித்துச் சோதித்தேன். சிறுபடமாகப் பார்க்கும்போது நன்றாகத் தெரிவதை நம்ப முடியாது. படம் எடுத்த நேரம் போன்ற விவரங்களைக் கோப்பிலேயே வைத்திருக்கும் எக்சிஃப் பகுதியில் தனியாகப் பதிந்திருக்கும் 160-க்கு 120 புள்ளிச் சிறுபடம் கோப்பின் தொடக்கத்திலேயே இருப்பதால், படத்தின் பின்பாதி வராமல் போயிருந்தாலும் அது அழகாகத் தெரியும். ஏவிஐ வீடியோக்களை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ நிரலில் வெளியீடு எதுவும் எழுதாமல் முழுதும் ஓடவிட்டு, பிழைச் செய்திகளை மட்டும் காட்டச் சொல்லிச் சோதித்தேன். எல்லாம் சரியென்று தெரிந்து, வேறொரு ஹார்டு டிஸ்க்கிலும் ஒரு நகல் வைத்த பிறகு, கார்டைக் கணினியிலிருந்து அழிக்காமல் கேமராவின் மெனுவிலேயே ஃபார்மட் செய்தேன். கேமரா தனக்கு வேண்டிய கோப்புறை அமைப்பைத் தானே உருவாக்கிக்கொள்வதற்கு அதுதான் ஏற்ற வழி.

மாஸ் ஸ்டோரேஜ் முறையில் இணையும் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அங்கே கார்டு உண்மையிலேயே கணினியின் வட்டாகிவிடுவதால், வெளியேற்றாமல் கேபிளை உருவினால் கோப்பு முறைமை சிதையக்கூடும். முடிந்தால் படிக்க மட்டும் என்ற நிலையில் மவுண்ட் செய்து (வட்டைக் கணினியில் திறந்து) நகலெடுப்பது பாதுகாப்பானது. பிடிபி முறையில், பரிமாற்றம் நடக்காத நேரத்தில் கேமராவை முதலில் அணைத்துவிட்டுக் கேபிளை எடுத்தால் போதும்.

படங்கள் வந்து சேர்ந்த பிறகு தேதிகளில் ஒரு சிறு வேலை மீதமிருந்தது. எக்சிஃப்பில் கேமரா பதியும் நேரத்துக்கு, அந்தக் காலக் கேமராக்களில், நேர மண்டலம் என்ற குறிப்பு கிடையாது. சிங்கப்பூரில் எடுத்த படங்கள் இந்திய நேரத்திலேயே பதிவாகியிருந்தன. சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அந்தப் படங்களைத் தனிக் கோப்புறையில் பிரித்து, எக்சிஃப்டூல் நிரலில் ‘ஆல்டேட்ஸ்’ என்ற குறிச்சொல்லுடன் இரண்டரை மணி நேரத்தைக் கூட்டினேன். எக்சிஃப்டூல் ஒவ்வொரு படத்தையும் மாற்றும்போது மூலப் படத்தை ‘ஒரிஜினல்’ என்ற பின்னொட்டுடன் பக்கத்திலேயே வைத்துவிடுகிறது. மாற்றிய நேரங்கள் சரியா என்று சில படங்களில் பார்த்து உறுதிசெய்த பிறகே அந்த மூலங்களை நீக்க வேண்டும். அதே நேரங்களுக்கு ஏற்பக் கோப்புப் பெயர்களை மாற்றியமைக்கவும் எக்சிஃப்டூலையே பயன்படுத்தலாம்.